கட்டற்ற மென்பொருளுக்குப் பயனர் கணக்கெடுப்பு நடத்துவது எப்படி: முதல் முடிவிலிருந்து கடைசி அறிக்கை வரை

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளை ஒருவர் பயன்படுத்தத் தொடங்குவது அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிவதே இல்லை. அவர் விலை கொடுத்து வாங்குவதில்லை. பெயரைப் பதிவு செய்வதில்லை. ஏதோ ஒரு லினக்ஸ் வழங்கலின் (லினக்ஸ் இயங்குதளத்தை மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுதியின்) தொகுப்பகத்திலிருந்து நிறுவிக்கொள்கிறார், பல ஆண்டுகள் பயன்படுத்துகிறார், ஒரு நாள் சத்தமின்றி வேறொன்றுக்கு மாறிவிடுகிறார். வழு (மென்பொருளில் உள்ள பிழை) அறிக்கை எழுதுபவர்களையும் மின்னஞ்சல் பட்டியலில் வாதாடுபவர்களையும் மட்டுமே பராமரிப்பாளர்கள் அறிவார்கள். அந்தச் சிறு வட்டத்தையே "நம் பயனர்கள்" என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் உழைத்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு செய்த உழைப்புதான். ஆனால் அதில் பெரும்பகுதி யாருக்கும் தேவைப்படாத இடத்தில் போய்ச் சேர்ந்தது.

கணக்கெடுப்பு இந்த இருட்டைக் குறைக்கும். சரியாகச் செய்தால்தான். தவறாகச் செய்த கணக்கெடுப்பு, முன்பே நம்பியிருந்ததை எண்களோடு உறுதிப்படுத்திக் கொடுத்துவிடும். அது எதையும் கேட்காமல் இருப்பதைவிட ஆபத்தானது.

முதல் படி: எந்த முடிவுக்காகக் கேட்கிறீர்கள்?

கேள்விகளை எழுத உட்காராதீர்கள். முதலில், குழு அடுத்த ஓராண்டில் எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பழைய கோப்பு வடிவத்துக்கான ஆதரவை நிறுத்தலாமா? 32 பிட் கணினிகளுக்கான பதிப்பைத் தொடர வேண்டுமா? கிடைக்கும் சொற்ப நேரத்தை நிறுவலை எளிதாக்கச் செலவிடுவதா, ஆவணங்களைத் திருத்தச் செலவிடுவதா?

ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே இரண்டு வரிகள் எழுதுங்கள். "பதில் இப்படி வந்தால் இதைச் செய்வோம். அப்படி வந்தால் அதைச் செய்வோம்." இரண்டு வரிகளும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கேள்வி தேவையில்லை. என்ன பதில் வந்தாலும் பழைய வடிவத்தை நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால், அதைக் கேட்காதீர்கள்; அறிவித்துவிடுங்கள். கேட்டுவிட்டுப் பதிலைப் புறந்தள்ளுவது, கேட்காமல் செய்வதைவிட மனத்தைப் புண்படுத்தும்.

இந்தத் தாளைக் குழுவில் முடிவெடுக்கும் அனைவரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவுகள் வந்த பிறகு "இந்தக் கணக்கெடுப்பு நம்பத் தகுந்ததல்ல" என்று ஒருவர் சொல்லும் சூழல் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் அவரைச் சேர்க்காததால்தான் உண்டாகிறது.

அடுத்து, இதே பதில் வேறு எங்காவது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தொகுப்பு எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதை டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் பாப்கான் திட்டம், விருப்பத்தோடு தகவல் அனுப்புபவர்களிடமிருந்து திரட்டுகிறது. வழுப் பட்டியலைக் கிளறினால் எந்த வசதி அடிக்கடி உடைகிறது என்பது தெரியும். "எத்தனை பேர்", "எத்தனை முறை" ஆகியவற்றுக்கு இத்தகைய பதிவுகளே மேல். "ஏன்", "எதற்காக", "என்ன செய்ய முடியாமல் விட்டீர்கள்" ஆகியவற்றுக்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்கிறீர்கள்?

1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் திரும்பி வந்தன. அவற்றை வைத்து, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்தது ஒரு தவறு. பதில் அனுப்ப முனைந்தவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்தது இன்னொரு தவறு. இருபது லட்சம் பதில்கள் அந்தப் பிழையைச் சரிசெய்யவில்லை.

உங்கள் திட்டத்தின் அரட்டை அறையிலும் மின்னஞ்சல் பட்டியலிலும் மட்டும் இணைப்பைப் போட்டால் இதே பிழையைத்தான் செய்கிறீர்கள். அங்கே இருப்பவர்கள் மென்பொருளை நேசிப்பவர்கள், கட்டளை வரியில் பழகியவர்கள், பெரும்பாலும் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். நிறுவலில் தடுமாறி முதல் நாளே விட்டுவிட்டவர் அங்கே இல்லை.

பயனர்களை நான்கு வட்டங்களாக எண்ணிப் பாருங்கள்: பங்களிப்பவர்கள், கேள்வி கேட்டோ வழுவைச் சொல்லியோ கண்ணில் படுபவர்கள், அமைதியாகப் பயன்படுத்துபவர்கள், விட்டுப் போனவர்கள். ஒவ்வொரு வட்டத்தையும் எட்டும் வழி வேறு. அமைதியானவர்களை எட்ட மென்பொருளின் தொடக்கத் திரை, பதிவிறக்கப் பக்கம், வெளியீட்டுக் குறிப்பு ஆகியவை உதவும். தொடக்கத் திரையில் போடுவதானால் ஒரே ஒரு முறை காட்டுங்கள்; மூடினால் திரும்ப வரக்கூடாது. விட்டுப் போனவர்களை எட்டுவது மிகக் கடினம். பழைய வழு அறிக்கையைத் திறந்துவிட்டு மறைந்துபோனவர்கள், வழங்கல்களின் தொகுப்பாளர்கள், இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருளின் பயனர்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் தேடுங்கள். அவர்களிலிருந்து பத்துப் பேர் கிடைத்தாலும் அந்தப் பத்துப் பதில்களை வரிவரியாகப் படியுங்கள்.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி இணைப்பு கொடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பலன் மிகப் பெரிது. அரட்டை அறையிலிருந்து வந்தவர்களும் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் ஒரே கேள்விக்கு வெவ்வேறாகப் பதில் சொல்லியிருந்தால், "நம் பயனர்கள்" என்று ஒற்றைச் சொல்லில் பேச முடியாது என்பது அப்போதே புரிந்துவிடும்.

மென்பொருள்களின் மூல நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூல (மூல நிரல் வெளிப்படையாக உள்ள) மென்பொருள் கணக்கெடுப்பு இந்த விஷயத்தில் கவனிக்கத் தக்கது. 3,800க்கும் மேற்பட்ட களஞ்சியங்களுக்கு (திட்டங்களின் நிரல் இருக்கும் இடங்களுக்கு) வந்தவர்களிலிருந்து தற்செயல் முறையில் தேர்ந்த 5,500 பேரின் பதில்களை ஒரு தொகுதியாகவும், வேறு தளங்களில் இயங்கும் குழுக்களிலிருந்து வந்த 500க்கும் மேற்பட்ட பதில்களைத் தனியாகவும் வைத்தார்கள். இரண்டையும் கலக்கவில்லை. முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்கள் ஒரு சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் சொன்னது அதில்தான்.

எத்தனை பதில்கள் போதும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தற்செயல் முறையில் தேர்ந்த 400 பேர் பதில் சொன்னால், 95 விழுக்காடு நம்பகத்தோடு, பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை கிடைத்த விழுக்காட்டிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, சுமார் 5 புள்ளிகள். அதைப் பாதியாக்க 1,600 பேர் வேண்டும். ஆனால் விரும்பியவர் வந்து நிரப்பும் கணக்கெடுப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பிழை வரம்பு என்று ஓர் எண்ணைப் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். "பதிலளித்தவர்களில் இத்தனை பேர்" என்று எழுதுங்கள். "பயனர்களில் இத்தனை பேர்" என்று எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: கேள்விகளை எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

ஒரு சொல் எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1941இல் ஆய்வாளர் டொனால்ட் ரக் வெளியிட்ட சோதனை இன்றும் சான்று. மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை அமெரிக்கா "தடை செய்ய வேண்டுமா" என்று ஒரு தொகுதியினரிடமும், "அனுமதிக்க வேண்டுமா" என்று இன்னொரு தொகுதியினரிடமும் கேட்டார். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 விழுக்காடு. அனுமதிக்கக் கூடாது என்றவர்களோ 62 விழுக்காடு. பொருளில் இரண்டும் ஒன்றுதான். "பழைய இடைமுகத்தை நீக்கலாமா?", "பழைய இடைமுகத்தைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா?" ஆகிய இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதே முடிவைச் சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே கேள்வியில் சம எடையோடு வையுங்கள்: "பழைய இடைமுகத்தை அடுத்த பதிப்பில் நீக்குவதையும் தொடர்வதையும் ஒப்பிட்டால், உங்கள் வேலைக்கு எது நல்லது?"

அடிக்கடி காணும் பிழைகள் சிலவற்றைத் திருத்தத்தோடு தருகிறேன்.

"ஆவணங்கள் தெளிவாகவும் முழுமையாகவும் இருக்கின்றனவா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெளிவாக இருந்து முழுமையாக இல்லாவிட்டால் என்ன சொல்வார்? "கடைசியாக ஆவணங்களில் எதைத் தேடினீர்கள்? கிடைத்ததா?" என்று கேட்டால் திருத்த வேண்டிய பக்கமே கைக்கு வரும்.

"எங்கள் வேகமான புதிய தேடல் வசதி பிடித்திருக்கிறதா?" கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுக்கிறது. "கடந்த ஒரு மாதத்தில் தேடல் வசதியைப் பயன்படுத்தினீர்களா?" என்று தொடங்கி, ஆம் என்பவரிடம் மட்டும் "தேடியது கிடைக்க எடுத்த நேரம் எப்படி இருந்தது?" என்று தொடருங்கள்.

"செருகுநிரல் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" ஆம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அதற்குச் செலவில்லை. வரப்போவதைப் பற்றி மனிதர் சொல்லும் சொல்லைவிட, செய்து முடித்ததைப் பற்றிச் சொல்வது நம்பகமானது. "இந்த மென்பொருளில் இல்லாத ஒன்றைச் செய்ய, கடந்த மூன்று மாதங்களில் வேறு கருவியையோ சொந்தமாக எழுதிய நிரலையோ நாடினீர்களா? எதற்காக?" என்று கேளுங்கள். வேறு வழி தேடி அலைந்தவரின் தேவை உண்மையானது.

"நீங்கள் பங்களிப்பாளரா?" இதில் சிக்கல் சொல்லில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவரும் பிறருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்பவரும் தங்களைப் பங்களிப்பாளர் என்று எண்ணுவதில்லை. நிரல் எழுதுபவரே பங்களிப்பாளர் என்று நினைக்கிறார்கள். செயல்களைப் பட்டியலிட்டு, செய்தவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள்.

மதிப்பிடும் அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. ரென்சிஸ் லைகர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய, ஒரு கூற்றை எந்த அளவு ஏற்கிறீர்கள் என்று கேட்கும் முறை இன்றும் எங்கும் இருக்கிறது. வசதியானதுதான். ஆனால் எதிரில் வைத்த கூற்றை ஏற்றுக்கொண்டு போகும் இயல்பு பலருக்கும் உண்டு. "நிறுவல் எளிது: ஏற்கிறேன், ஏற்கவில்லை" என்பதைவிட, "நிறுவல் எப்படி இருந்தது: மிகக் கடினம், கடினம், நடுத்தரம், எளிது, மிக எளிது" என்று பொருளையே அளவுகோலாக்குங்கள். ஐந்து படிகளுக்கும் பெயர் இருக்கட்டும். 1 முதல் 5 வரை வெறும் எண்ணைக் கொடுத்தால் ஒருவரின் 3 இன்னொருவரின் 4 ஆகிவிடும். "தெரியவில்லை", "நான் நிறுவவில்லை, வேறொருவர் நிறுவிக் கொடுத்தார்" போன்ற வாய்ப்புகளைத் தனியாக வையுங்கள். அவை இல்லாவிட்டால் அத்தனை பேரும் நடுவில் வந்து விழுவார்கள். நீங்கள் அதைக் கருத்து என்று எண்ணிக்கொள்வீர்கள்.

பதிப்புக்குப் பதிப்பு பயன்படுத்தும் எளிமையை ஒப்பிட விரும்பினால் சொந்தமாக அளவுகோல் செய்யாதீர்கள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோல் பத்துக் கூற்றுகள் கொண்டது; ஒவ்வொன்றையும் எந்த அளவு ஏற்கிறார் என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பு. சாதகமான கூற்றும் பாதகமான கூற்றும் மாறி மாறி வரும். ஒற்றைப்படைக் கூற்றுகளின் மதிப்பிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றுகளில் 5இலிருந்து மதிப்பைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். அது விழுக்காடு அல்ல என்பதை அறிக்கையில் சொல்லுங்கள். இங்கே மட்டும், ஏற்கிறேன் என்று கேட்கும் வடிவத்தையே அப்படியே வையுங்கள். சொல்லை மாற்றினால் ஒப்பிட முடியாது.

திறந்த கேள்விகள் இரண்டு போதும். எனக்குப் பிடித்தது இது: "கடைசியாக இந்த மென்பொருளை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தபோது என்ன செய்ய முயன்றுகொண்டிருந்தீர்கள்?" "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்பதை இறுதியில் எப்போதும் வையுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத செய்தி அங்கேதான் வரும்.

வரிசைக்கு வருவோம். எளிய, மென்பொருளைப் பற்றிய கேள்வி முதலில். பொதுவானது முன்னே, குறிப்பானது பின்னே. வழுக்களைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டுவிட்டு "மொத்தத்தில் திருப்தியா?" என்றால் பதிலில் அந்த ஐந்தின் நிழல் விழும். வயது, பாலினம், நாடு போன்றவை கடைசியில், அவையும் முதல் படியின் தாளில் இடம்பெற்றிருந்தால் மட்டும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் வாய்ப்புகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி வருமாறு அமையுங்கள். மேலே இருப்பது கூடுதலாகத் தேர்வாகும். எந்தக் கேள்வியையும் கட்டாயமாக்காதீர்கள். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

நான்காம் படி: தனியுரிமை

கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் தனியுரிமைக்காகவே அதைத் தேர்ந்தவர்கள். கண்காணிக்கும் தளம் ஒன்றின் படிவத்தை அவர்கள் முன் நீட்டினால் மூடிவிட்டுப் போவார்கள். அது நம்பிக்கையை உடைப்பதோடு, உங்கள் தரவையும் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. லைம்சர்வே, நெக்ஸ்ட்கிளவுட் படிவங்கள் போன்ற கட்டற்ற கருவிகளைக் குழுவின் சொந்த வழங்கியிலேயே (சர்வரிலேயே) நிறுவலாம். லைம்சர்வேயில் பதில்களைப் பெயரற்றவையாக வைக்கும் அமைப்பும், பதிலளிப்பவரின் இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியைச் சேமிக்காமல் விடும் அமைப்பும் உண்டு. கணக்கெடுப்பைத் திறப்பதற்கு முன்பே அவற்றைச் சரிபாருங்கள்.

பெயர் கேட்கவில்லை என்பதால் அடையாளம் மறைந்துவிடாது. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று லடான்யா ஸ்வீனி 2000இல் காட்டினார். சிறிய குழுவில் இதைவிடக் குறைவே போதும். நாடு, பாலினம், பங்களிப்பின் வகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் "அவர்தான்" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அதனால் நாட்டுக்குப் பதில் கண்டம், வயதுக்குப் பதில் வயது வரம்பு. தொடர்ந்து பேச விரும்புபவரின் மின்னஞ்சல் முகவரியைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள். இரண்டையும் இணைக்கும் எந்தக் குறியீடும் இருக்கக்கூடாது.

எதைத் திரட்டுகிறோம், யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்போம் ஆகிய மூன்றையும் முதல் பக்கத்தில் எளிய மொழியில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பயனர் இருந்தாலும், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள அதன் தரவுப் பாதுகாப்பு விதிகளை மனத்தில் வைத்தே திட்டமிடுவது நல்லது.

ஐந்தாம் படி: ஐந்து பேரிடம் சோதனை

வெளியிடும் முன் ஐந்து பேரை அருகில் உட்கார வைத்தோ திரையைப் பகிரச் சொல்லியோ நிரப்பச் சொல்லுங்கள். நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்க வேண்டும் என்று தோன்றும் இடமே திருத்த வேண்டிய இடம். "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்பது மிகப் பயனுள்ளது. ஐவரில் இருவராவது குழுவுக்கு வெளியே இருப்பவர்களாகவும், ஒருவர் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை) பயன்படுத்துபவராகவும் இருக்கட்டும். படிவத்தின் பெரிய அட்டவணைக் கேள்விகள் திரைவாசிப்பானில் எப்படிச் சிதறுகின்றன என்பதை ஒரு முறை கேட்டவர் அவற்றை மறுபடி வைக்கமாட்டார்.

பல மொழிகளில் வெளியிடுவதானால், ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மொழிபெயர்க்கட்டும். இரண்டும் விலகும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள்.

ஆறாம் படி: வெளியிடுதல்

இரண்டு அல்லது மூன்று வாரங்கள் போதும். இடையில் ஒரு நினைவூட்டல், முடிவதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொன்று. பெரிய பதிப்பு வெளியான வாரத்தைத் தவிருங்கள். அப்போது புதிய வழுக்களின் கோபம் எல்லாப் பதில்களிலும் ஏறும். அழைப்பு இப்படி இருக்கலாம்:

"அடுத்த ஆண்டு நிறுவலைச் சீர்செய்வதா, ஆவணங்களைச் சீர்செய்வதா என்று முடிவெடுக்க உங்கள் அனுபவம் தேவை. எட்டு நிமிடங்கள் ஆகும். பெயர் கேட்கமாட்டோம். நேற்றுதான் தொடங்கியவராக இருந்தாலும், பயன்படுத்துவதை நிறுத்திவிட்டவராக இருந்தாலும் உங்கள் பதில் வேண்டும். முடிவுகளை ஆறு வாரத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவோம்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். "நான் நிபுணன் இல்லை, என்னைக் கேட்கவில்லை" என்று விலகுபவர்களை உள்ளே அழைப்பது அதுதான்.

ஏழாம் படி: பதில்களைப் படித்தல்

வரைபடங்களைப் பார்ப்பதற்கு முன் திறந்த பதில்கள் அனைத்தையும் படித்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு படித்தால், எண்ணுக்குத் துணையாக நிற்கும் வாக்கியங்களே கண்ணில் படும். இருவர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வகைப்பெயர் இட்டு, பிறகு ஒப்பிடட்டும். அவர்கள் வேறுபடும் இடங்களைப் பேசித் தீர்ப்பதில்தான் புரிதல் பிறக்கிறது.

எண்களை எப்போதும் பிரித்துப் பாருங்கள்: வந்த வழிப்படி, அனுபவ ஆண்டுப்படி, இயங்குதளப்படி. ஒரு பிரிவில் முப்பது பேர்கூட இல்லையென்றால் விழுக்காடு போடாமல் "23 பேரில் 9 பேர்" என்றே எழுதுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணக்கெடுப்பு வாக்கெடுப்பு அல்ல. விசைப்பலகையால் மட்டும் இயக்குபவர்கள் பதில்களில் மிகச் சிலராக இருப்பார்கள். மென்பொருள் அவர்களைக் கைவிட்டிருந்தால், அவர்கள் சிலராக இருப்பதற்கு அந்த மென்பொருளே காரணமாக இருக்கலாம். "இரண்டு விழுக்காட்டினர்தான் கேட்டார்கள்" என்று அணுகல் வசதியைத் தள்ளிப்போடுவது தரவைப் படிப்பதாகாது. அங்கே எண்ணிக்கையோடு இழப்பின் அளவையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: திருப்பிக் கொடுத்தல்

சொன்ன தேதியில் அறிக்கையை வெளியிடுங்கள். அழகிய வரைபடங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்ன கேட்டோம், எத்தனை பேர், எந்த வழியில் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதைச் செய்யப் போகிறோம், எதைச் செய்யப் போவதில்லை, ஏன். செய்யப் போவதில்லை என்ற பகுதியைத்தான் வாசகர்கள் கூர்ந்து படிக்கிறார்கள். அதை நேர்மையாக எழுதினால் மறுப்பைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். செய்யப் போகும் ஒவ்வொன்றுக்கும் திட்டத்தின் பணிப்பட்டியலில் ஒரு பதிவு திறந்து, பொறுப்பாளரைக் குறித்து, அறிக்கையிலிருந்து இணைப்புக் கொடுங்கள்.

மூலத் தரவை வெளியிடுவது நம் மரபுக்கு உகந்தது. ஆனால் திறந்த பதில்களை அப்படியே வெளியிடாதீர்கள்; நிறுவனப் பெயரையும் சொந்தக் கதையையும் மக்கள் அங்கே எழுதிவிடுகிறார்கள். கண்டம், வயது வரம்பு போன்ற விவரங்கள் ஒன்றுசேரும் ஒரு பிரிவில் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் அதை அடுத்த பிரிவோடு இணைத்துவிடுங்கள்.

ரஸ்ட் நிரல்மொழிக் குழு 2016 முதலும், பைத்தான் நிரல்மொழிக்கான பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2017 முதலும் கணக்கெடுப்புகளை நடத்தி வருகின்றன. ஆண்டுகளை ஒப்பிட முடியும்போது பயன் பெருகும். அதற்காக நான்கைந்து முதன்மைக் கேள்விகளைச் சொல் மாற்றாமல் வைத்திருங்கள். வினாப்பட்டியலையும் முதல் படியில் எழுதிய தாளையும் திட்டத்தின் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாகச் சேருங்கள். எந்தக் கேள்வி குழப்பியது, எந்த வழியிலிருந்து பதிலே வரவில்லை, எந்தப் பதிலை வைத்து உண்மையில் முடிவெடுத்தோம் என்பதைக் கோப்பின் கீழே குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு இதை நடத்தப் போகிறவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.